பென்சிலுக்கு அடியில் இருந்த முகம்

எனக்கு இன்னும் முப்பது வயது நிறையவில்லை. ஆனாலும் விழுப்புரத்து ஸ்டுடியோக்காரர்கள் என்னை ரிடையர் ஆனவன் என்றுதான் சொல்கிறார்கள். கேலிக்குச் சொன்னாலும் அது உண்மைதான். மீசை முளைக்கும் முன்னே டச்சிங் மேசையில் உட்கார்ந்தவன், போன வருஷம் எழுந்துவிட்டேன். கண் போய்விட்டது. முழுக்கப் போகவில்லை. எதை நேராகப் பார்த்தாலும் நடுவில் கொஞ்சம் புகை நிற்கிறது. சற்றுத் தள்ளிப் பார்த்தால் தெரிகிறது. பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னது இவ்வளவுதான்: "இனிமே நீங்க பென்சிலத் தொடக்கூடாது. தொட்டீங்கன்னா நாளைக்கு உங்க பொண்ணு மொகமே தெரியாது."

இப்போது திண்டிவனத்தில் மாமனாரின் மல்லாட்டைக் கடையில், அதாவது வேர்க்கடலைக் கடையில், உட்காருகிறேன். போன மாதம் இரண்டு தம்பிகள் கடைக்கு வந்தார்கள். இருவரும் விழுப்புரத்தில் டச்சிங் வேலை செய்கிறவர்கள். போட்டோக்காரர் சங்கத்து மலருக்கு நான் எழுத வேண்டுமாம்.

"இப்ப எங்க பார்த்தாலும் லைட்டப் போட்டு, பவுடரப் பூசி எடுத்துர்றாங்கண்ணே. டச்சிங்கே வேணான்றாங்க. நீங்க நாலு வார்த்த எழுதுங்க."

"ஆறாங் கிளாஸு தாண்டாதவன் இன்னாத்தடா எழுதறது?"

"பேசற மாரி எழுதுங்க. அச்சாபீஸ்காரரு திருத்திக்குவாரு."

அச்சாபீஸ்காரர் திருத்திக்கொள்ளட்டும். பெரிய பெரிய எழுத்தாக எழுதுகிறேன். வேலையைப் பற்றித்தான் எழுதச் சொன்னார்கள். ஆனால் என் வேலையை என் பெண்சாதியிடமிருந்து பிரித்து எழுத எனக்குத் தெரியவில்லை. அவள் பெயர் பிலோமினா. இறந்து ஐந்தாறு வருஷம் ஆகிறது. எனக்கு ஆறவில்லை. ஆறிவிட்டது என்று எழுதினால் பொய்.

டச்சிங் என்றால் என்னவென்று வெளியாருக்கும் சொல்லிவிடுகிறேன். நெகட்டிவில் எல்லாம் மாறி இருக்கும். வெள்ளை கறுப்பாகவும் கறுப்பு வெள்ளையாகவும். கன்னத்தில் ஒரு குழி இருந்தால் படத்தில் அது கறுப்புப் புள்ளி. நெகட்டிவில் அதே இடம் வெறும் கண்ணாடியாகத் தெளிந்திருக்கும். அந்தத் தெளிவைப் பென்சிலால் நிரப்பிவிட்டால் படத்தில் குழி இருக்காது. நிரப்புவதற்கு முன்னால் பிசினும் டர்பன்டைனும் கலந்த மருந்தைப் பஞ்சில் தொட்டு, நெகட்டிவ் மேல் வட்டமாகத் தேய்க்க வேண்டும். அது காய்ந்தால்தான் பென்சில் பிடிக்கும். பென்சிலை உப்புத்தாளில் இழைத்து இழைத்து ஊசியாக்க வேண்டும். மேசையில் சாய்வான சட்டம், அதன் நடுவில் ஒரு திறப்பு, கீழே ஒரு முகக்கண்ணாடி. ஜன்னல் வெளிச்சம் கண்ணாடியில் பட்டு நெகட்டிவின் பின்னாலிருந்து ஏறி வரும். கோடு இழுக்கக் கூடாது. சின்னச் சின்ன சுழியாக, பூனை நக்குகிற மாதிரி போட வேண்டும்.

இன்னொரு கருவி கத்தி. படத்தில் வெளுப்பாக வரும் இடம் நெகட்டிவில் கறுப்பாகத் தடித்திருக்கும். அதைச் சுரண்டி மெலிதாக்கினால் படத்தில் கறுத்துவிடும். பென்சில் போட்டதை எப்போது வேண்டுமானாலும் டர்பன்டைன் பஞ்சால் துடைத்துவிடலாம். கத்தி சுரண்டினது திரும்பி வராது.

இதெல்லாம் நான் கற்றுக்கொண்டது வரதராஜன் மாஸ்டரிடம். கற்றுக்கொண்ட வருஷங்களைச் சொல்ல ஒன்றுமில்லை. தண்ணீர் தூக்கினேன், தட்டு கழுவினேன், ஆயிரம் பென்சிலை முறித்தேன், அடி வாங்கினேன். ஒரு நாள் மாஸ்டர் ஒரு கிழவரின் நெகட்டிவைக் கொடுத்து, "இவரு நெத்தியப் பாரு. சுருக்கத்துல பாதி எடு. மீதிய விட்டுடு, அது அவரு சம்பாதிச்சது" என்றார். அன்றிலிருந்து நான் டச்சிங்காரன்.

மாஸ்டரின் ஸ்டுடியோ விழுப்புரத்தில் ஸ்டேஷனுக்குப் போகிற வழியில். மேலே கண்ணாடிக் கூரை, அதற்குக் கீழே கயிறு கட்டிய வெள்ளைத் திரைகள். திரையை இழுத்தும் விட்டும்தான் வெளிச்சத்தைக் கட்டுவார். அதிகம் பேச மாட்டார். வேட்டி மடிப்பு கலையாது. நெகட்டிவைத் தொடும் முன் கையைச் சோப்பு போட்டுக் கழுவி, துடைக்காமல் காற்றில் காய வைத்துக்கொண்டு நிற்பார். அந்த நேரத்தில் கடைக்கு யார் வந்தாலும், எட்டி நில்லுங்கள் என்பது போல இரண்டு கையையும் தூக்கிக் காட்டுவார். நான் வேலையைக் காட்டினால் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பார்ப்பார். நன்றாக இருந்தால் ஒன்றும் சொல்லமாட்டார். அதிகமாக வழித்திருந்தால், "இன்னாடா இது, மூஞ்சியா முட்டையா?" என்பார். முட்டை என்றால் திரும்பச் செய்ய வேண்டும்.

அந்த நாளில் எங்களுக்கு வருகிற வேலையில் பாதி, பெண் பார்க்க அனுப்புகிற படம். ஒரு முறை காணை கிராமத்துப் பக்கமிருந்து மாப்பிள்ளை வீட்டார் படத்தை எடுத்துக்கொண்டு ஸ்டுடியோவுக்கே சண்டைக்கு வந்துவிட்டார்கள்.

"இந்தப் பொண்ணு எங்கய்யா இருக்குது? நாங்க நேர்ல பாத்தது வேற பொண்ணு!"

மாஸ்டர் படத்தை வாங்கி அமைதியாகப் பார்த்தார். "அதே பொண்ணுதாங்க. இது வெளிச்சம் நல்லா இருந்த நாள்."

"நேர்ல பாத்த அன்னிக்கும் வெயிலு கொளுத்துச்சேய்யா!"

"வெயில் வேற, வெளிச்சம் வேறங்க" என்றார். வந்தவர்களோடு வந்த பெரியவரே சிரித்துவிட்டார். அந்தக் கல்யாணம் நடந்தது என்று பிறகு கேள்விப்பட்டேன்.

பிலோமினாவுக்கு வருகிறேன்.

திண்டிவனத்தில் மாதா கோயிலில் ஒரு கல்யாணம். மாஸ்டரோடு பெட்டியைத் தூக்கிக்கொண்டு போயிருந்தேன். பூசைக்கு நேரமிருந்ததால் ஸ்டேஷன் ரோட்டில் வறுத்த மல்லாட்டை வாங்கினேன். பொட்டலத்தைப் பிரித்தால் காகிதத்தில் ஒரு போட்டோ. வெள்ளைக்காரப் பெண், தலையில் முக்காடு, முகம் ஒரு பக்கம் இருட்டு. படம் கூர்மையாக இல்லை. எல்லாம் கலங்கி இருந்தது. எங்கள் ஸ்டுடியோவில் இப்படி வந்தால் கண்ணாடி பிளேட்டைச் சுரண்டி எறிவோம். இதைப் போய்ப் புத்தகத்தில் அச்சடித்திருக்கிறார்களே! ஆனால் என்னால் கண்ணை எடுக்க முடியவில்லை. மல்லாட்டையைத் தின்னாமல் திரும்பிப் போய்க் கடையில் நின்றேன். கல்லாவில் ஒரு பெண் இருந்தாள்.

"இந்தக் காயிதம் இன்னும் இருக்குதுங்களா?"

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "மல்லாட்ட வேணாமா? காயிதம்தான் வேணுமா?"

"காயிதம்தான்."

"எப்பா, இங்க ஒருத்தரு பொட்டலம் இல்லாத மல்லாட்ட கேக்காம, மல்லாட்ட இல்லாத பொட்டலம் கேக்கறாரு!" என்று உள்ளே கத்தினாள். கடையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் காது எரிந்தது.

பாண்டிச்சேரியில் வீட்டைக் காலி செய்துகொண்டு போன யாரோ ஒரு வெள்ளைக்காரரின் புத்தகங்கள் எடைக்கு வந்திருந்தன. அதில் ஒன்று இது. போட்டோ பிடிக்கிற வித்தை ஆரம்பித்த காலத்திலிருந்து, அது எப்படிக் கலையாயிற்று என்று இங்கிலீஷில் எழுதின தடிப் புத்தகம். பாதி ஏற்கெனவே பொட்டலமாகிவிட்டிருந்தது. மீதியை அவள் கொடுக்கவில்லை.

"உங்களுக்கு இங்கிலீஷ் வருமா?"

"வராது."

"அப்ப எதுக்கு?"

"படம் பாக்க."

"நான் படிக்கிறேன். சிஸ்டருங்க பள்ளிக்கூடத்துல பத்து வரைக்கும் போயிருக்கேன். அடுத்த தடவ வரும்போது இதுல இன்னா இருக்குதுன்னு சொல்றேன்."

அடுத்த தடவை என்று சொல்லிக்கொண்டே அவள் வாசல் பக்கம் திரும்ப, அவள் கன்னத்தில் வெளிச்சம் விழுந்தது. முகம் முழுக்க அம்மைத் தழும்பு. என் தொழில் புத்தி, எங்கெங்கே பென்சில் போட வேண்டும் என்று ஒரு நொடி எண்ணியது. அப்புறம் எண்ணவில்லை. ஒரு வருஷம் அந்தப் புத்தகத்தைச் சாக்கு வைத்துத் திண்டிவனத்துக்குப் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தேன். மாஸ்டர்தான் பெரிய மனுஷனாக வந்து பேசி முடித்தார்.

கல்யாணத்தன்று பூசை முடிந்ததும் எங்களை விழுப்புரத்துக்கு அழைத்துவந்து, கண்ணாடிக் கூரைக்குக் கீழே நிறுத்தி மாஸ்டரே படம் எடுத்தார். ஃபிலிம் வந்துவிட்ட காலம். ஆனாலும் எங்களுக்காகக் கண்ணாடி பிளேட் போட்டார். "டச்சிங்கும் நான்தான். நீ அந்தப் பக்கம் வரக்கூடாது. இது என் மொய்" என்றார். பல நாள் உட்கார்ந்தார். கொடுத்தபோது ஸ்டுடியோவே கூடி நின்று பார்த்தது. பிலோமினாவின் முகத்தில் ஒரு தழும்பு இல்லை. பளிங்கு மாதிரி இருந்தாள். அவ்வளவு பெரிய வேலையை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை. மாஸ்டர் அதைப் பெரிதாக்கி வாசலில் ஷோகேஸில் வைத்தார். பஸ்ஸுக்குப் போகிற ஜனம் நின்று பார்த்துவிட்டு, "இந்த மாரி எடுத்துக் குடுங்க" என்று உள்ளே வரும்.

பிலோமினா ஷோகேஸ் முன்னால் நின்று, "நல்லாக்கீது. யாருங்க இந்த அம்மா?" என்றாள்.

"வாய மூடு. மாஸ்டர் காதுல விழும்."

"நான் குத்தம் சொல்லல. இந்த அம்மா உங்க பக்கத்துல நிக்கிது, நான் எங்க நிக்கிறேன்னுதான் கேக்கறேன்."

அப்போது இருவரும் சிரித்துவிட்டு நடந்தோம்.

வேலை முடிந்து வந்ததும் அவள் படிப்பாள், நான் கேட்பேன். நான் படித்த படிப்பு என்றால் அதுதான். போட்டோ வந்த புதிதில் ஓவியக்காரர்கள் கோபப்பட்டார்களாம். இது மெஷின் வேலை, இதற்கும் கலைக்கும் என்ன சம்பந்தம் என்று. போட்டோக்காரர்கள் சும்மா இருப்பார்களா? பல நெகட்டிவை ஒன்றாக ஒட்டி, ஓவியம் போலவே ஒரே பெரிய படம் செய்து காட்டினார்களாம். ஒரு தெருப் படம் இருந்தது. அந்தக் காலத்துப் பிளேட் மெதுவாகத்தான் படம் வாங்கும். அதனால் நடந்தவர்கள், வண்டிகள் எல்லாம் மறைந்துபோய், செருப்புக்குப் பாலீஷ் போட்டுக்கொண்டு நின்றவன் மட்டும் படத்தில் நின்றுவிட்டான். "அந்தாளுக்குத் தெரியவே தெரியாதில்ல?" என்று பிலோமினா ரொம்ப நேரம் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

என் பொட்டலத்தில் வந்த படத்தின் கதையும் கிடைத்தது. அதை எடுத்தவள் ஒரு பெண். பிள்ளைகள் எல்லாம் வளர்ந்த பிறகு கேமராவைத் தொட்டவள். வீட்டு வேலைக்காரியை மாதா மாதிரி உட்கார வைத்து எடுப்பாளாம். வேண்டுமென்றேதான் கூர்மை இல்லாமல் விடுவாளாம். ஃபோகஸ் பண்ணத் தெரியவில்லை என்று பெரிய பெரிய ஆட்கள் ஏசினார்களாம்.

"மாஸ்டர் பார்த்தா இன்னா சொல்வாரு?"

"பிளேட்டு வேஸ்டுன்னு சொல்வாரு."

"நீங்க?"

"நான் மல்லாட்டையே தின்னலையே" என்றேன்.

டச்சிங்கைப் பற்றியும் ஒரு பக்கம் இருந்தது. பாரீஸில் ஒரு பெரிய கண்காட்சியில் ஒரே முகத்தை டச்சிங் செய்யாமல் ஒன்றும் செய்து ஒன்றுமாகப் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினார்களாம். கூட்டம் அலைமோதியதாம். அன்றிலிருந்து இரண்டு கட்சி. நெகட்டிவைக் கை தொடக்கூடாது என்று ஒன்று, தொட்டால்தான் கலை என்று ஒன்று. பிலோமினா புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்: "நீங்க பண்றது பொய்யா?"

"பொய் இல்ல பிலோ. மரியாத. வூட்டுக்கு யாராவது வந்தா துணி மடிச்சி வைக்கிறோமில்ல, அந்த மாரி."

அவள் யோசித்தாள். "எங்கூட்டுக்கு நானே வரும்போதுமா மடிச்சி வைக்கணும்?"

டச்சிங் இல்லாமல் இன்னொரு படம் எடுத்துக்கொள்ளலாம் என்றேன். அதற்குள் அவள் முழுகாமல் இருந்தாள். வயிற்றுப் பிள்ளையோடு போட்டோ எடுத்தால் ஆயுசு குறையும் என்று அத்தை, அதாவது அவள் அம்மா, கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பிள்ளை பிறக்கட்டும், மூன்று பேராக எடுத்துக்கொள்வோம் என்றாள் பிலோமினாவும். பிள்ளை பிறந்தது. அவள் பிழைக்கவில்லை. இதற்கு மேல் அதை எழுத வரவில்லை.

பாப்பா திண்டிவனத்தில் அத்தையிடம் வளர்ந்தாள். பெயர் ஜெசிந்தா. நான் ஞாயிற்றுக்கிழமை போய் வருவேன். கல்யாணப் படத்தில் ஒரு பிரதியைச் சட்டம் போட்டுக் கொண்டுபோனேன். அத்தை வாங்கவில்லை.

"இது என் பொண்ணு இல்ல மாப்ள. எடுத்துக்கினு போயிடுங்க."

"பாப்பாவுக்கு அம்மா மொகம் தெரிய வேணாமா அத்த?"

"யாரு மொகம்? இந்தச் சினிமாக்காரி மொகமா? என் பொண்ணு அம்மையில கெடந்தப்போ வேப்பலையால தடவித் தடவி உசுர மீட்டவ நான். அவ மூஞ்சியில இருந்த ஒவ்வொரு வடுவும் எனக்குத் தெரியும். அதையெல்லாம் வழிச்சிட்டு, அம்மான்னு சொல்லி கும்பிடச் சொல்றீங்களா?"

எனக்குக் கோபம்தான் வந்தது. மாஸ்டர் எவ்வளவு அன்பாகச் செய்தது! அப்படியே திரும்ப எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அப்புறம் ஒரு நாள் திண்டிவனத்திலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். பாப்பா அன்றைக்கு, "அம்மா எப்புடி இருக்கும்?" என்று கேட்டிருந்தாள். சொல்வதற்காகக் கண்ணை மூடிப் பிலோமினாவை நினைத்துப் பார்த்தேன். ஷோகேஸ் முகம் வந்தது. தலையை உதறிவிட்டு மறுபடி நினைத்தேன். கல்லாவில் உட்கார்ந்திருந்ததை நினைத்தேன், புத்தகம் படித்ததை நினைத்தேன். உடம்பு அவளுடையது, குரல் அவளுடையது, முகம் மட்டும் பளிங்கு. தினம் ஷோகேஸைத் தாண்டித்தானே உள்ளே போகிறேன்! அந்த முகம் உள்ளே வந்து இவள் முகத்தைத் துடைத்துவிட்டது. பஸ்ஸில் அத்தனை பேர் நடுவில் வாய்விட்டு அழுதேன். கண்டக்டர் டிக்கெட் கேட்காமல் போய்விட்டார். பாப்பாவுக்கு அம்மா முகம் இல்லை, எனக்கும் போய்க்கொண்டிருக்கிறது. அத்தை ஒருத்தர்தான் அதை வைத்திருக்கிறார்.

பென்சிலுக்கு அடியில் அது இருக்கிறது என்று எனக்குத் தெரியும். துடைத்தால் வரும். ஆனால் பிளேட் மாஸ்டருடையது, வேலை மாஸ்டருடையது. அவர் வாழ்க்கையிலேயே பெரிய வேலை. அழித்துத் தாருங்கள் என்று எந்த வாயால் கேட்பேன்? கேட்காமலே வருஷங்களை ஓட்டினேன். அதற்குள் என் கண்ணில் புகை வந்துவிட்டது. நேராகப் பார்த்தால் பாப்பாவின் மூக்கு தெரியவில்லை. இப்போது கேட்காவிட்டால், அந்த முகம் வந்தாலும் பார்க்க எனக்குக் கண் இருக்காது.

வேலையை விட்டு நிற்கும் நாளில் மாஸ்டர் கைக்கடிகாரம் வாங்கி வைத்திருந்தார். நான் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனேன்.

"கடியாரம் வேணாம் மாஸ்டர். வேற ஒண்ணு கேக்கலாமா?"

"கேளு."

"எங்க கல்யாணப் பிளேட்ட... டர்பன்டைன் போட்டுத் தொடைக்கணும்."

மாஸ்டர் கடிகாரப் பெட்டியை மூடினார். "ஷோகேஸ் படம் வெயில்ல மங்கிப்போச்சி. இந்த மாசம் புதுசா அடிச்சி வைக்கணும்னு இருந்தேன்" என்றார். பிறகு, "அதுல இன்னாடா கொற?" என்று கேட்டார்.

"கொறையே இல்ல மாஸ்டர். அதான் கொற."

புத்தகத்தில் பாரீஸ் பக்கத்தைக் காட்டினேன். பிலோமினா எனக்குச் சொன்ன மாதிரியே அவருக்குச் சொன்னேன். அவர் கையைக் கழுவிக்கொண்டு வந்து புத்தகத்தைத் தொட்டார். "நூறு வருசத்துக்கு முன்னாடியே இந்தச் சண்ட நடந்திருக்குதா? நான் என்னமோ நான்தான் ராத்திரியெல்லாம் யோசிக்கிறேன்னு நெனச்சேன்."

அப்போதுதான் அவர் தங்கையைப் பற்றிச் சொன்னார். அந்தத் தங்கைக்கும் அம்மை போட்டு முகம் முழுக்கத் தழும்பாம். வந்த மாப்பிள்ளை எல்லாம் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடுவார்களாம். தங்கைக்காகத்தான் மாஸ்டர் டச்சிங்கே கற்றுக்கொண்டார். "போட்டோவப் பாத்து ஒருத்தன் வந்தான். கட்டிக்கினான். இன்னிக்கும் நல்லா வெச்சிக்கினுக்கிறான். பிலோமினாவுக்கும் அப்புடி ஒண்ணு செய்யணும்னு தோணிச்சி."

"தழும்போடதான மாஸ்டர் நான் கட்டிக்கினேன்!"

மாஸ்டர் நிமிர்ந்து பார்த்தார். "ஆமால்ல!" என்றார். அதை அவர் யோசித்ததே இல்லை என்று முகத்தில் தெரிந்தது.

பிளேட்டை அலமாரியிலிருந்து அவரே எடுத்துவந்தார். "கத்தி போட்டீங்களா மாஸ்டர்?" என்று கேட்டேன். "ஞாபகம் இல்லடா" என்றார். பஞ்சை நான் எடுத்தேன். பிடுங்கிக்கொண்டார். "நான் போட்டது. நான்தான் எடுக்கணும்."

மேசையில் பிளேட்டை வைத்தார். டர்பன்டைனை இரண்டு சொட்டு விட்டு, நெற்றியிலிருந்து வட்டமாக ஆரம்பித்தார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை, புகைதான் தெரிந்தது. பஞ்சு கறுப்பாவது மட்டும் தெரிந்தது. "சொல்லிக்கினே செய்யுங்க மாஸ்டர்."

"நெத்தி சுத்தம்... எடது கன்னம்... வருது. ஒண்ணு ரெண்டா வருது. அடேயப்பா, நான் எவ்ளோதான் அடைச்சிருக்கேன்!" பஞ்சை மாற்றினார். "வலது கன்னம் வந்துருச்சி." பிறகு கை நின்றது. "புருவத்துல கத்தி போட்டுருக்கேன்டா. எடது புருவம்."

"வேற எங்க?"

"இரு." பிளேட்டை ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். "வேற இல்ல. வாய்கிட்ட மொத்தமும் பென்சிலுதான். இரு, இங்க நெறைய போட்டுருக்கேன்."

அச்சடிக்க அன்றைக்கே டார்க் ரூமுக்குள் போனோம். தட்டில் காகிதம் அசைந்தது. சிவப்பு வெளிச்சத்தில் நேராகப் பார்த்தால் எனக்கு எதுவும் இல்லை. தட்டின் ஓரத்தைப் பார்த்தேன். அப்போது பக்கவாட்டில் அவள் வந்தாள். தழும்பெல்லாம் கன்னத்தில் அதனதன் இடத்தில் உட்கார்ந்தது. அது எதிர்பார்த்ததுதான். எதிர்பார்க்காதது வாய். ஷோகேஸ் முகத்தில் உதடு நேர்கோடாக, கன்னம் வழவழப்பாக இருக்கும். அன்றைக்கு அவள் பயந்துபோய் நின்றாள் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். இங்கே உதட்டின் இரண்டு மூலையும் குழிந்து, மூக்கிலிருந்து கீழே இரண்டு மடிப்பு இறங்கி, கண்ணுக்கு அடியில் சதை ஏறி... சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்கிறாள். இன்னும் அரை நொடி விட்டிருந்தால் சிரித்திருப்பாள்.

"மாஸ்டர், சிரிக்கிறா."

"ஆமா. கல்யாணப் பொண்ணு சிரிச்சா நல்லாருக்காதுன்னு அந்த மடிப்ப நான்தான் அடைச்சேன்" என்றார் மாஸ்டர். தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு முகத்தைக் கழுவினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாஸ்டரும் திண்டிவனத்துக்கு வந்தார். படத்தைத் தன் மடியில் வைத்துக்கொண்டுதான் பஸ்ஸில் உட்கார்ந்தார். அத்தை கையில் அவரே கொடுத்தார். "பாத்துட்டு சொல்லுங்கம்மா."

அத்தை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். விரலால் கன்னத்தைத் தடவினார். நாங்கள் இருவரும் வேலை காட்ட வந்த பையன்கள் மாதிரி நின்றோம்.

"எடது புருவத்துல ஒரு வெட்டு இருக்கணுமே. கெணத்து மேட்டுல உழுந்து அடிபட்டது. அது எங்க?"

"அத நான் சொரண்டிட்டேங்க. அது திரும்ப வராது" என்றார் மாஸ்டர்.

அத்தை அவரைப் பார்த்தார். மறுபடியும் படத்தைப் பார்த்தார். "போவுட்டும். அத நான் பாப்பாவுக்கு வாயால சொல்லிக்கறேன். இது என் பொண்ணுதான்." பிறகு, "வந்தவங்கள நிக்க வெச்சிக்கினுக்கிறேன் பாரு. உக்காருங்க" என்று உள்ளே திரும்பியவர், அப்படியே கதவைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதார். படத்தைக் கீழே விடவில்லை.

பாப்பா அந்தக் கையிலிருந்து படத்தை இழுத்துப் பார்த்தாள். வடுவைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அவள் கேட்டது வேறு.

"அம்மா எதுக்கு சிரிக்கிது?"

எனக்குத் தெரியவில்லை. அன்றைக்கு நான் அவள் பக்கத்தில்தான் நின்றேன், அவளைப் பார்க்கவில்லை. கேமராவுக்குப் பின்னாலிருந்து பார்த்தவர் ஒரே ஒருவர். மாஸ்டரைத் திரும்பிப் பார்த்தேன்.

மாஸ்டர் பாப்பாவுக்குச் சரியாகக் குனிந்து உட்கார்ந்தார். வேட்டி மடிப்பு கலைந்தது. "உங்கப்பனப் பாத்துதான் சிரிச்சாம்மா. கோட்டு போட்டு, மால போட்டு, மாப்பிள்ளயா நிக்க வெச்சிருக்கேன். இவன் இன்னா பண்ணான் தெரியுமா? கேமராவப் பாக்கல. மேல கூரையப் பாக்கறான். ‘வெளிச்சம் ஜாஸ்தி, தெரைய இழுங்க, தெரைய இழுங்க’ன்னு எனக்குக் கைய காட்டறான். மாப்பிள்ளன்றதே மறந்துபோச்சி, வேல பாத்துக்கினுக்கிறான். உங்கம்மா ஓரக்கண்ணால பாத்தா. வாய மூடிக்கினா. நான் அதட்டினதும் இவன் கைய எறக்கிட்டு நேரா பாத்தான், அந்த நொடியில டக்குனு எடுத்துட்டேன்."

"நானா?" என்றேன். எனக்கு அது சுத்தமாக ஞாபகம் இல்லை.

"நீதான்டா. வேற எவன் பண்ணுவான்?"

அத்தை அழுதுகொண்டே சிரித்தார். பாப்பா படத்தைத் தூக்கி நாற்காலியில் சாய்த்து வைத்தாள். என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் அதற்கு எதிரே நிறுத்தினாள்.

"இப்ப பண்ணுப்பா. அம்மா பாக்கட்டும்."

நான் கூரையைப் பார்த்தேன். கையைத் தூக்கி, திரையை இழு, இழு என்று காட்டினேன்.